தேநீர் விருந்தில் ஒரு நாக்குச் சோதனை

பேரங்காடியில் தேயிலை அடுக்கின் முன் நிற்கிறீர்கள். ஒரே எடையில் இரண்டு பொட்டலங்கள். ஒன்றின் விலை மற்றதைப்போல் மூன்று மடங்கு. விலை கூடியதை வாங்கி வந்து கலக்கிக் குடித்ததும், "அதானே, ருசியே தனி!" என்கிறீர்கள். அந்த ருசி கோப்பையிலிருந்து வந்ததா, விலைச் சீட்டிலிருந்து வந்ததா?

சந்தேகப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2008ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் வெளியான ஓர் ஆய்வில், ஒரே திராட்சை மதுவை இரு வேறு விலைகள் சொல்லிக் கொடுத்தார்கள். விலை அதிகம் என்று கேட்டபோது குடித்தவர்கள் அதைக் கூடுதலாக ரசித்தார்கள். மூளையை வருடிப் பார்த்தபோது, இன்பத்தோடு தொடர்புடைய பகுதியும் கூடுதலாக இயங்கியது தெரிந்தது. அவர்கள் நடிக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. விலை உண்மையாகவே ருசியைக் கூட்டிவிட்டது.

ஆகவே, "எனக்குத் தெரியாதா, நாற்பது வருஷமாக இந்தத் தேயிலைதான் குடிக்கிறேன்" என்று வீட்டுப் பெரியவர் சொல்வதை அப்படியே ஏற்கவும் முடியாது, தள்ளிவிடவும் முடியாது. சோதித்துப் பார்க்கலாம். அடுத்த பள்ளி விடுமுறையிலோ தீபாவளித் திறந்த இல்லத்திலோ உறவினர்கள் கூடும்போது ஒரு தேநீர்ச் சுவைப்பு நடத்துங்கள். தேவைப்படுபவை ஒரு சமையல் தராசு, இரண்டு ஃபிளாஸ்க், ஒரே மாதிரியான சிறு கிண்ணங்கள், கொஞ்சம் கண்டிப்பு.

எட்டுக் கோப்பைகளும் எழுபது வழிகளும்

இந்த விளையாட்டுக்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1920களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்டு ஃபிஷர் என்ற இளம் புள்ளியியலாளர், தம்முடன் பணியாற்றிய பாசியியல் ஆய்வாளர் மியூரியல் பிரிஸ்டலுக்கு ஒரு கோப்பைத் தேநீர் நீட்டினார். அவர் வேண்டாம் என்றார். பாலை முதலில் ஊற்றி, பிறகு தேநீரை ஊற்றினால்தான் தமக்குப் பிடிக்கும் என்றார். எதை முதலில் ஊற்றினால் என்ன, எல்லாம் ஒன்றுதான் என்பது ஃபிஷரின் எண்ணம். இல்லை, எனக்கு வித்தியாசம் தெரியும் என்றார் பிரிஸ்டல். அங்கிருந்த வேதியியலாளர் வில்லியம் ரோச், சோதித்துப் பார்த்துவிடலாமே என்றார்.

எட்டுக் கோப்பைகள். நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். எது எது என்று தெரியாதபடி வரிசை கலைக்கப்பட்டிருக்கும். அவர் பால் முதலில் ஊற்றிய நான்கையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. அவற்றில் ஒன்றுதான் முழுச் சரி. எனவே, ஒன்றுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும், 70இல் ஒரு தடவை குருட்டு அதிர்ஷ்டம் அடிக்கும். நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவான வாய்ப்பு. அப்படியிருந்தும் ஒருவர் நான்கையும் சரியாகச் சொன்னால், அதிர்ஷ்டம் என்று ஒதுக்குவது கடினம்.

மூன்றைச் சரியாகவும் ஒன்றைத் தவறாகவும் சொன்னால்? நம் வீடுகளில் "பரவாயில்லையே, முக்கால்வாசி சரி" என்று கைதட்டிவிடுவோம். ஃபிஷர் தட்டமாட்டார். அப்படி மூன்று சரியாக அமைய 16 வழிகள். முழுச் சரியையும் சேர்த்தால் 17. அதாவது, ஒன்றும் தெரியாதவர்கூட ஏறத்தாழ நான்கில் ஒரு தடவை "மூன்று அல்லது அதற்கு மேல் சரி" வாங்கிவிடுவார். நான்கில் ஒரு தடவை நடப்பதை ஆதாரம் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

1935இல் ஃபிஷர் எழுதிய பரிசோதனை வடிவமைப்பு நூலில் இந்தத் தேநீர்க் கதை வருகிறது. பெண்மணியின் பெயரும் இல்லை, முடிவும் இல்லை. பிற்காலத்தில் வெளிவந்த நினைவுகூரல்களில், அவர் எட்டையும் சரியாகச் சொன்னார் என்று வருகிறது. இன்று ஒரு புதிய மருந்து வேலை செய்கிறதா, ஓர் உரம் விளைச்சலைக் கூட்டுகிறதா என்று பார்க்கும் சோதனைகளுக்குள் இருப்பது இதே தருக்கம்தான். வரிசையைக் கலை, அடையாளத்தை மறை, அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்கிடு.

பாலை முதலில் ஊற்றுவதால் வித்தியாசம் வருமா என்றால், வர இடமுண்டு. கொதிக்கும் தேநீரில் பாலைச் சொட்டினால் முதல் துளிகள் சட்டென்று அதிகச் சூட்டில் மாட்டிக்கொள்கின்றன. பாலிலுள்ள சில புரதங்கள் அந்தச் சூட்டில் உருக்குலைந்து, காய்ச்சிய பாலின் வாடையைத் தரும். பாலின்மேல் தேநீரை ஊற்றினால் சூடு மெல்ல ஏறும். பிரிட்டனின் வேதியியல் ராயல் சங்கம் 2003இல் பாலே முதலில் என்று தீர்ப்புச் சொன்னது இந்தக் காரணத்தால்தான். டின் பாலைக் கரண்டி கரண்டியாகப் போட்டு ஆற்றி எடுக்கும் நம் தே தாரிக்கில் இந்த நுட்பம் பிழைக்குமா என்பது வேறு விஷயம்.

ஒரே செடி, பல நிறம்

பச்சைத் தேயிலை ஒரு செடி, கறுப்புத் தேயிலை இன்னொரு செடி என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். எல்லாம் கமேலியா சினென்சிஸ் என்ற ஒரே இனம்தான். கொழுந்தைப் பறித்த பின் என்ன செய்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

நறுக்கிய ஆப்பிள் சற்று நேரத்தில் பழுப்பேறுகிறது அல்லவா? இலையிலும் அதேதான் நடக்கிறது. கொழுந்தைக் கசக்கும்போது உயிரணுக்கள் உடைந்து, ஒரு நொதி வெளிப்படுகிறது. அது காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு, கேட்டச்சின் எனப்படும் நிறமற்ற துவர்ப்புப் பொருள்களைத் தியாஃபிளேவின், தியாரூபிகின் என்ற நிறப்பொருள்களாக மாற்றுகிறது. நல்ல கறுப்புத் தேயிலையில் தெரியும் பொன்சிவப்புப் பளபளப்புக்குத் தியாஃபிளேவின் முக்கியக் காரணம். பழுப்பு நிறமும் கனமும் பெரும்பாலும் தியாரூபிகினுடையவை. பறித்தவுடன் ஆவியிலோ சூடான சட்டியிலோ காட்டினால் நொதி செத்துவிடும், இலை பச்சையாகவே நிற்கும். பாதியில் நிறுத்தினால் ஊலோங். பூ-ஏர் வேறு வழி: அதில் நுண்ணுயிர்களும் சேர்ந்து வேலை செய்கின்றன.

நம் நாட்டுத் தேயிலை பெரும்பாலும் கறுப்பு வகை. கேமரன் மலையில் போ தோட்டத்தை 1929இல் ஜே.ஏ. ரஸல் தொடங்கியபோதும் அதற்குப் பின்னும், காட்டை வெட்டி, நாற்று நட்டு, கொழுந்து பறித்த கைகளில் தமிழர் கைகள் ஏராளம். உங்கள் பாட்டியோ பூட்டியோ அந்த மலையில் கூடை சுமந்தவராக இருந்தால், இந்த விருந்துக்கு அவர் கதையையும் அழையுங்கள். கூடையில் எந்தக் கொழுந்து ஏறலாம், எது கூடாது என்பது அவர் விரல்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்ற தோட்டத்துக் கணக்குக்கு வேதியியல் பொருள் உண்டு. கேட்டச்சினும் கஃபீனும் இளங்கொழுந்தில்தான் செறிந்திருக்கின்றன, முற்றிய இலையில் குறைவு.

துவர்ப்பு சுவையா, தொடுகையா?

அறுசுவை என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அறிவியல் பாடநூலில் ஐந்துதான்: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, உமாமி. துவர்ப்பும் கார்ப்பும் பட்டியலில் இல்லை. மிளகாய்க் காரம் என்பது வெப்பத்தையும் வலியையும் உணரும் நரம்பின் வேலை. துவர்ப்போ பெரும்பாலும் தொடு உணர்வு. நம் உமிழ்நீரில் வாயை வழுக்கலாக வைத்திருக்கும் புரதங்கள் உள்ளன. பாக்கு, வாழைப்பூ, தேநீர் இவற்றிலுள்ள பாலிஃபீனால்கள் அந்தப் புரதங்களைப் பிடித்துக்கொண்டு திரளவைக்கின்றன. வழுக்கல் போய்விடுவதால் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் சொரசொரப்பாக, இழுத்துப் பிடித்தாற்போல் ஆகின்றன. அறுசுவைப் பட்டியல் போட்டவர்கள் இதைத் தனியே பிரித்துக் காட்டியது எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது. தேநீரை ருசிக்க உட்காருபவருக்கு, கசப்பையும் துவர்ப்பையும் தனித்தனியே அடையாளம் காண்பதுதான் முதல் பாடம். கசப்பு நாக்கில் படும். துவர்ப்பு விழுங்கிய பிறகு வாய் முழுதும் வரும்.

பால் சேர்த்தால் தேநீர் ஏன் மெத்தென்று ஆகிறது என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. பாலின் கேசின் புரதம் முந்திக்கொண்டு பாலிஃபீனால்களைப் பிடித்துவிடுகிறது, உமிழ்நீர்ப் புரதம் தப்பிவிடுகிறது. அதனால்தான் சுவைப்புச் சோதனைக்குப் பாலும் சீனியும் வேண்டாம் என்கிறேன். கடையில் தே ஓ கொசோங் கேட்பவர்களுக்கு அன்று கொண்டாட்டம்.

துவர்ப்பில் ஒரு சிக்கல், அது சேர்ந்துகொண்டே போகும். முதல் மிடறைவிட நான்காவது மிடறு அதிகம் துவர்க்கும், தேநீர் அதே தேநீராக இருந்தாலும். ஐந்து வகைகளை எல்லாருக்கும் ஒரே வரிசையில் கொடுத்தால், கடைசியில் வரும் தேநீர் பாவம், முன்னால் போன நான்கின் பழியையும் சுமக்கும். ஒவ்வொருவருக்கும் வரிசையை மாற்றிக் கொடுங்கள். இடையிடையே உப்பில்லாத பிஸ்கட் ஒரு துண்டு, வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு மிடறு, ஒரு நிமிட ஓய்வு. முறுக்கையும் பக்கோடாவையும் சோதனை முடியும் வரை உள்ளேயே வையுங்கள்.

பன்னாட்டுத் தரமும் வீட்டுத் தரமும்

தேயிலை வணிகர்கள் சுவைத்துப் பார்ப்பதற்கென்று ஒரு பன்னாட்டுத் தரநிலை இருக்கிறது. பெயர் ஐஎஸ்ஓ 3103, முதலில் வெளியானது 1980இல். 100 மில்லிலிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் இலை, வெண்ணிறப் பீங்கான், கொதிநீர், 6 நிமிடம். இதற்கு முன்னோடியான பிரிட்டிஷ் தரநிலை, தேநீர் போட ஆறு பக்கம் எழுதியதற்காக 1999இல் இக் நோபல் என்ற கேலிப் பரிசைப் பெற்றது. சிரிப்பு வருவது நியாயம்தான். ஆனால் அந்தத் தரநிலை நல்ல தேநீர் போடச் சொல்லித் தரவில்லை. எல்லாத் தேயிலையையும் ஒரே மாதிரி போட்டு, குறைகளை வெளியே இழுக்கத்தான் அது உதவுகிறது. அதன்படி பச்சைத் தேயிலையை 6 நிமிடம் கொதிநீரில் ஊறவைத்து விருந்தாளிக்குக் கொடுத்தால், அடுத்த தீபாவளிக்கு அவர் வரமாட்டார்.

வீட்டுக்கு என் பரிந்துரை: அளவு அதேதான், 100 மில்லிலிட்டருக்கு 2 கிராம். நேரம் கறுப்புத் தேயிலைக்கு 4 நிமிடம். பச்சைத் தேயிலைக்குக் கொதித்த நீரைச் சற்று ஆறவிட்டு, 80 டிகிரி அளவில் 2 நிமிடம். காரணம் எளிது. துவர்ப்பும் கசப்பும் தரும் பொருள்கள் சூடு ஏற ஏற வேகமாக இறங்கும். பச்சைத் தேயிலையின் குழம்பு போன்ற இதமான சுவைக்குக் காரணமான தியானின் போன்ற அமினோ அமிலங்கள் குறைந்த சூட்டிலும் நன்றாகவே இறங்கும். தியானினை ஜப்பானியர் 1949இல் கியொகுரோ என்ற நிழல் வளர்ப்புத் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். செடிக்கு நிழல் கட்டினால் அது இலையில் கூடுகிறது.

கரண்டியால் அளக்க வேண்டாம். மாமாக் கடைகளில் பயன்படும் தூளும், முறுக்கிய முழு இலையும் ஒரு கரண்டியில் ஒரே எடை நிற்பதில்லை. தூள் வேகமாகச் சாயம் விடுவதற்குக் காரணம் தரம் அல்ல, பரப்பு. நசுக்கிப் பொடித்த துகளில் தண்ணீர் தொடும் இடம் அதிகம். தண்ணீரையும் ஒரே குழாயிலிருந்து ஒரே தடவை பிடித்துக்கொள்ளுங்கள். கேமரன் மலைக்கே போய் விருந்து வைக்கிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கோலாலம்பூரில் போட்ட அதே தூள் அங்கே சற்று மென்மையாக இருந்தால், மலைக்காற்றை மட்டும் பாராட்டாதீர்கள்.

பன்னிரண்டு பேர், மூன்று கிண்ணம்

இப்போது அந்த மூன்று மடங்கு விலைக்கு வருவோம். பிரிஸ்டலின் எட்டுக் கோப்பை ஒரு நபருக்கு ஏற்றது. ஒரு கூட்டத்துக்கு முக்கோணச் சோதனை வசதி. ஒவ்வொருவர் முன்னும் மூன்று சிறு கிண்ணங்கள். இரண்டில் ஒரே தேநீர், ஒன்றில் வேறு. வேறானது எது என்று சொல்ல வேண்டும். எது பிடித்தது என்று கேட்கக் கூடாது, அது பிறகு.

பன்னிரண்டு பேர் கிடைத்தால் கணக்கு அழகாக அமையும். விலை குறைந்ததை அ என்றும் கூடியதை ஆ என்றும் வைத்தால், மூன்று கிண்ணங்களை அடுக்க ஆறு வரிசைகள் உண்டு: அஅஆ, அஆஅ, ஆஅஅ, ஆஆஅ, ஆஅஆ, அஆஆ. வரிசைக்கு இருவர். கிண்ணத்துக்கு 40 மில்லிலிட்டர் போதும். ஒவ்வொரு வகையிலும் 18 கிண்ணம், அதாவது 720 மில்லிலிட்டர். சிந்துவதற்கும் சேர்த்து 16 கிராம் தேயிலையில் 800 மில்லிலிட்டர் போட்டு, வடிகட்டி, இரண்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொள்ளுங்கள். நேற்றுக் காப்பி இருந்த ஃபிளாஸ்க் ஆகாது.

கிண்ணத்தின் அடியில் மூன்று இலக்க எண் எழுதுங்கள். 1, 2, 3 என்றோ அ, ஆ என்றோ எழுதினால், முதலாவது உசத்தி என்ற எண்ணம் தானாக வந்துவிடும். எண்ணும் வகையும் அடங்கிய சீட்டை ஓர் உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். ஊற்றுபவர் ஒருவர், பரிமாறுபவர் வேறொருவர். ஊற்றியவர் அறைக்குள் வரவே கூடாது, ஏனென்றால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு தேநீரின் நிறமும் வேறாக இருந்தால் உட்புறம் கறுத்த கிண்ணம் பயன்படுத்துங்கள், அல்லது விளக்கை மங்கலாக்குங்கள். 2001இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், வெள்ளைத் திராட்சை மதுவில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, மதுவியல் மாணவர்கள் 54 பேர் அதைப் பெரும்பாலும் சிவப்பு மதுவுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். படித்தவர்கள் கண்ணே அப்படி ஏமாந்தது.

யாரும் பேசக் கூடாது. இதுதான் நம்மவர் கூட்டத்தில் கடினமான விதி. மாமா ஒருவர் "ம்ம்... இது தான்டா!" என்று சொல்லிவிட்டால், பன்னிரண்டு நாக்குகள் ஒரே நாக்காகிவிடும். எல்லாரும் எழுதித் தரட்டும்.

உறிஞ்சும்போது சத்தம் வரலாம், வர வேண்டும். தேயிலை நிறுவனங்களில் சுவைப்போர் கரண்டியிலிருந்து சுர்ரென்று இழுப்பது நாகரிகக் குறைவு அல்ல. தேநீர் துளித்துளியாகச் சிதறி, அதன் மணம் தொண்டைக்குப் பின்வழியாக மூக்கை எட்டுகிறது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு அந்த மணம்தான். ஐயமிருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு குடித்து, விழுங்கியதும் விரலை எடுங்கள். மலர் மணமுள்ள ஊலோங் என்றால், விரல் எடுத்த கணத்தில் அதுவரை இல்லாத மணம் திறந்துகொள்வதை உணர்வீர்கள்.

விரல் எடுத்தும் ஒருவருக்கு ஒன்றுமே மாறவில்லை என்றால், சிரித்துக் கடந்துவிடாதீர்கள். சளி இல்லாத நாளில் அவருக்குக் காப்பித் தூளையும் கறிவேப்பிலையையும் முகர்ந்து பார்க்கக் கொடுங்கள். மோப்பம் குறைவது வயதோடு வரலாம், கோவிட் போன்ற தொற்றுக்குப் பின் வரலாம், சில நரம்பு நோய்களின் தொடக்கத்திலும் வரலாம். மெல்லக் குறைவதால் பலருக்குத் தங்களுக்கே தெரிவதில்லை. தனியே சமைக்கும் முதியவருக்குக் கேஸ் கசிவதோ பால் கெட்டதோ தெரியாமல் போகும். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

விடைகளை எண்ணுங்கள். எல்லாருமே ஊகித்திருந்தால், சராசரியாக 4 பேர் சரியாகச் சொல்லியிருப்பார்கள். 7 பேர் சரி என்றாலும் அவசரப்பட வேண்டாம். 7 அல்லது அதற்கு மேல் ஊகத்தாலேயே வருவதற்கு நூற்றுக்கு ஆறேழு வாய்ப்பு உண்டு. 8 பேர் என்றால் அது நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. 8 பேர் வந்தால், இந்த இரண்டு தேயிலைக்கும் வேறுபாடு உண்டு என்று துணிந்து சொல்லலாம். பிறகு, சரியாகச் சொன்னவர்களிடம் மட்டும் எது பிடித்தது என்று கேளுங்கள். விலை கூடியதைத்தான் அவர்கள் காட்டுவார்கள் என்று இல்லை.

8 வரவில்லை என்றால் இரண்டும் ஒன்றே என்று நிரூபணமாகிவிட்டதா? அதுவும் இல்லை. பன்னிரண்டு பேரால் கண்டுபிடிக்கும் அளவுக்குப் பெரிய வேறுபாடு இல்லை, அவ்வளவுதான். ஆனாலும் மூன்று மடங்கு விலை கொடுப்பவர் கேட்க வேண்டிய கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ஒருவருடைய விடை தவறு என்று பெயர் சொல்லி அறிவிக்காதீர்கள். இந்தச் சோதனையில் கூட்டத்தின் எண்ணிக்கைக்குத்தான் பொருள் உண்டு, தனி ஒருவருடைய ஒரு விடைக்கு இல்லை. நாற்பது வருஷத் தேயிலை ரசிகர் தமக்குத் தனியே தீர்ப்பு வேண்டும் என்று அடம் பிடித்தால், இன்னொரு நாள் எட்டுக் கோப்பையோடு உட்கார வையுங்கள்.

நேரம் பார்த்து வையுங்கள். தேநீரின் பாலிஃபீனால்கள் கீரை, பருப்பு போன்றவற்றின் இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். ஆகையால் சாப்பாட்டோடு சேர்க்காமல், ஒரு மணி நேரமாவது கழித்து நடத்துங்கள். இரத்தசோகை உள்ளவர்களுக்கு இது முக்கியம். கஃபீன் உடலில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும் என்பதால் பிற்பகல் மூன்று மணிக்கு முடிப்பது இரவுத் தூக்கத்துக்கு நல்லது. கர்ப்பிணிகள் நாளுக்கு 200 மில்லிகிராம் கஃபீனைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. 40 மில்லிலிட்டர் கிண்ணம் மூன்று அதற்கு வெகு கீழேதான். ஆவி பறக்கும் சூட்டிலும் கொடுக்க வேண்டாம். 65 டிகிரிக்கு மேற்பட்ட பானங்களை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் வகைப்படுத்தியது. சற்று ஆறினால்தான் மணமும் நன்றாகப் பிரிந்து தெரியும்.

எல்லாம் முடிந்ததும் வடிகட்டியில் மிஞ்சிய ஈர இலைகளை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பிப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். ஊலோங் இலை முழுதாக விரிந்து, ஓரம் பழுத்தும் நடுவில் பச்சையாகவும் இருக்கும். நொதி எங்கே வேலை செய்தது, எங்கே நிறுத்தப்பட்டது என்று அதிலேயே தெரியும். கறுப்புத் தேநீர் மிஞ்சியிருந்தால் ஒரு கிண்ணத்தில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுங்கள். அமிலம் பட்டதும் நிறம் வெளுக்கும். அதற்குள் உள்ளே வைத்த முறுக்கை எடுத்து வரலாம்.